தொட்டில் தந்தது அரசு. தெரு என்ன தந்தது?



ஏழு குழந்தைகளைப் பெற்று, ஏழையும் பெற்ற இடத்திலேயே விட்டுச் சென்ற தாய் தந்தையரின் கதை ஒன்று தமிழகத்திலே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. ஆதி என்பாள் தாய். பகவன் என்பான் தந்தை. பிறக்கும் குழந்தையைப் பிறந்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தன் பின்னே வரவேண்டும் என்பது அவன் விதித்த நிபந்தனையாம். விடப்பட்ட குழந்தைகள் மடிந்தனவா? இல்லை. உப்பையை வண்ணார் வீட்டார் எடுத்து வளர்த்தனர், உறுவையைக் கள் விற்போர், வள்ளியைக் குறவர், கபிலரைப் பார்ப்பனர், ஔவையைப் பாணர். அதிகமான் யார் என்று கேட்கிறீர்களா? அவனும் அந்த எழுவரில் ஒருவன். வஞ்சியிலே அவனை ஒருவர் எடுத்து வளர்த்தார் என்கிறது கபிலர் அகவல்.

இது வரலாறு அன்று. வெவ்வேறு காலத்தவரை ஒரே வயிற்றிலே பிறக்க வைத்த கட்டுக்கதை. ஆராய்ந்தோர் எவரும் இதை ஏற்கவில்லை. நாமும் ஏற்க வேண்டியதில்லை. எனினும் இந்தக் கதையை அகவலாகக் கட்டியவருக்கு ஒரு நோக்கம் இருந்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகள் ஏழு வீட்டிலே வளர்ந்து ஏழு சாதியாராக எண்ணப்பட்டனர் என்றால், பிறப்பினால் வந்த சாதி எங்கே போயிற்று என்று கேட்பதே அந்த நோக்கம். எடுத்து வளர்த்த கைகளைச் சான்றுக்கு அழைத்துச் சாதியைக் கூண்டிலே நிறுத்தினார் அந்தப் புலவர். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. தொடர்ந்து நடக்கிற இடங்களிலே ஒன்றைத்தான் இன்று உங்களுக்குக் காட்ட விரும்புகிறேன்.

சேலத்திலிருந்து தருமபுரிக்குச் செல்லும் பெருஞ்சாலையிலே, தருமபுரிக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது அதியமான்கோட்டை. பழைய கோட்டையின் எச்சங்களும், சென்றாயப் பெருமாள் கோயிலின் சுவரோவியங்களும், அதியமானும் ஔவையும் சிலையாக நிற்கும் கோட்டமும் அங்கே உண்டு. தேய்பிறை அட்டமியன்று பூசணியிலே விளக்கேற்றுவதற்காகக் காலபைரவர் கோயிலிலே பெருங்கூட்டம் திரளும். பிள்ளை வேண்டும் என்று வேண்டிக்கொள்வோர் அந்தக் கூட்டத்திலே இல்லாமலா இருப்பார்கள்? ஓசூருக்குச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை பிரிவதும் இந்த ஊரிலேதான். அந்தச் சாலைக்குப் பிறகு மீண்டும் வருவோம்.

நெல்லிக்கனி கொடுத்த அதியமானைத்தான் எல்லோரும் அறிவர். போர்க்கோலம் கலையாமல் வந்து, தனக்குப் பிறந்த மகனை அவன் முதன்முதலாகப் பார்த்த காட்சியை ஔவை பாடியதை அறிந்தோர் குறைவு. புறநானூற்றின் நூறாவது பாட்டு அது. மகன் பிறந்த வீட்டிற்கு இரண்டாயிரம் ஆண்டு நிலைக்கும் பாட்டு. அதே மண்ணிலே மகள் பிறந்த வீட்டிற்கு என்ன கிடைத்தது தெரியுமா, தோழர்களே? எருக்கம்பால்!

கடுமையாகச் சொல்கிறேன் என்று எண்ணாதீர்கள். கணக்கு இதைவிடக் கடுமையாகப் பேசுகிறது. 2001ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பிலே, ஆறு வயது வரையுள்ள ஆண் குழந்தைகள் ஆயிரவருக்குத் தமிழகம் முழுவதிலும் 942 பெண் குழந்தைகள் இருந்தனர். இன்றைய தருமபுரி மாவட்ட எல்லைக்குள்ளே இருந்தவர்கள் 826 பேர். எஞ்சியவர்கள் எங்கே போனார்கள்? சிலர் கருவிலேயே அழிக்கப்பட்டனர். சிலர் பிறந்த சில நாட்களிலே அழிக்கப்பட்டனர். 1994ஆம் ஆண்டுச் சட்டம் கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வதைத் தடை செய்தது. தடை செய்த பிறகும் ஸ்கேன் கருவியைப் பையிலே போட்டுக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த கும்பல்கள் இந்தப் பக்கத்திலே பிடிபட்டன.

இருட்டு மட்டுமே இருந்தது என்றும் சொல்லிவிடக் கூடாது. 1997 முதல் 1999 வரை அன்றைய தருமபுரி மாவட்டத்திலே, டென்மார்க் நாட்டு உதவியோடு நடந்த சுகாதாரத் திட்டத்தின் பகுதியாகக் கலைப்பயணம் ஒன்று நடத்தப்பட்டது. ஊரின் நடுவிலே நின்று கலைஞர்கள் நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், பெண் சிசுக் கொலையை ஊரின் முன்னே நிறுத்திக் கேள்வி கேட்டார்கள். ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா ஆகிய இருவரும் இந்த முயற்சியை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். கொலைகள் குறைந்தன. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே 826 என்பது 910ஐத் தாண்டியது. நாடகத்தால் நாட்டை மாற்ற முடியும் என்று நம் இயக்கத்தாருக்கு வேறொருவர் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் தருமபுரியின் தெருக்களிலே அது மெய்ப்பிக்கப்பட்டது என்பதை நினைவிலே வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

அரசு என்ன செய்தது? 1992இல் சேலத்திலே தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. கொல்லாதீர்கள், தொட்டிலிலே போட்டுவிடுங்கள், அரசு வளர்க்கும் என்றது. 2001இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி மாவட்டங்களுக்கும் திட்டம் விரிந்தது. கொண்டு வந்தவர் எந்தக் கட்சி என்று பார்த்துப் பாராட்டவோ பழிக்கவோ நான் இங்கே முற்படவில்லை. பெண் குழந்தை வேண்டா என்னும் மனத்திற்கே இது வழி திறந்துவிடுகிறது என்று அன்றே கண்டனம் எழுந்தது. அந்தக் கண்டனத்திலே நியாயமும் இருந்தது. ஆனால் எருக்கம்பாலுக்கும் தொட்டிலுக்கும் இடையிலே ஒரு சிசு கிடக்கும்போது, நான் தொட்டிலின் பக்கம்தான் நிற்பேன்.

தொட்டிலிலே விழுந்த குழந்தை அதன்பின் எங்கே போகிறது? நம் தோழர்களிலே நூற்றுக்குத் தொண்ணூறு பேர் இதைக் கேட்டுப் பார்த்ததில்லை. குழந்தைகள் நலக் குழுவின் முன்னே கொண்டுபோகப்படுகிறது. பெற்றவர்களே ஒப்படைத்திருந்தால், மனம் மாறித் திரும்பப் பெற்றுக்கொள்ள அவர்களுக்கு இரண்டு மாத அவகாசம் உண்டு. பெற்றவர் யாரென்றே தெரியாவிட்டால் தேடிப் பார்க்கிறார்கள். அதன்பின் தத்துக் கொடுக்கத் தகுதியுடையது என்று குழு அறிவிக்கிறது. ஒரு பக்கம் குழந்தை. மறுபக்கம் நாடு முழுவதும் பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கிலே காத்திருக்கும் தம்பதியர் முப்பதாயிரத்துக்கும் மேல். 2024–25ஆம் ஆண்டிலே இந்தியாவில் 4,515 குழந்தைகள் தத்துப் போயின. அதற்கு முந்தைய பத்தாண்டுகளிலே அவ்வளவு நடந்ததில்லை. இன்னொன்றையும் கேளுங்கள்: ஆண்டுதோறும் தத்துப் போகும் குழந்தைகளிலே ஆண்களைவிடப் பெண்களே அதிகம். ஒரு வீட்டார் வேண்டா என்று விட்டவளை இன்னொரு வீட்டார் மூன்று நான்கு ஆண்டு காத்திருந்து வாங்கிக்கொள்கிறார்கள்!

சட்டமும் சும்மா வந்துவிடவில்லை. பழைய இந்து முறையிலே தத்து என்பது கொள்ளி வைக்க ஒரு மகனைத் தேடும் சடங்கு. பெண்ணுக்கு அதிலே பொதுவாக இடமில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டம்தான் மகளையும் தத்தெடுக்கலாம் என்றது. மனைவியோடு வாழும் கணவனைப் போலவே, கணவனோடு வாழும் மனைவியும் தன் பெயரிலே தத்தெடுக்கலாம் என்பதற்கு 2010 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மதம் பாராமல் எவரும் தத்தெடுக்கலாம் என்னும் நிலையை இளையோர் நீதிச் சட்டம் கொண்டுவந்தது. 2022 செப்டம்பர் முதல் தத்து ஆணையைப் பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சித் தலைவர். அந்த ஆணை கிடைத்துவிட்டால், பெற்ற பிள்ளைக்கு உள்ள உரிமை அத்தனையும் அந்தப் பிள்ளைக்கும் உண்டு.

ஆணை வந்துவிட்டது. வீட்டிலே தொட்டில் கட்டியாயிற்று. சமூகப் பணியாளர் ஆறு மாதத்திற்கு ஒருமுறை வந்து பார்க்கிறார், எடை பார்க்கிறார், தாய் முகத்தைப் பார்க்கிறார், குறித்துக்கொண்டு போகிறார். இரண்டு ஆண்டுகள் இப்படி. அதன்பின் அவர் வருவதில்லை. விதி அவ்வளவுதான்.

கொஞ்சம் கணக்குப் போடுங்கள். ஒரு வயதுக் குழந்தையாக வந்தவளுக்கு அப்போது மூன்று வயது. அரசின் கண் மூடிக்கொள்ளும் அந்த வயதிலேதான் தெருவின் வாய் திறக்கிறது! தெருவிலே விளையாடப் போகிறாள், அங்கன்வாடிக்குப் போகிறாள், பள்ளிக்குப் போகிறாள்.

"உன் அம்மா உன்னைப் பெறவே இல்லையாமே?"

கேட்பவள் ஐந்து வயதுச் சிறுமி. அவளுக்கு வஞ்சம் தெரியாது. வீட்டிலே பெரியவர்கள் பேசியதை அவள் ஒப்பிக்கிறாள். பெரியவர்கள் பேசியது என்ன? அதையும் கேளுங்கள். "எந்த ஊர்ப் பிள்ளையோ!" "நிறத்தைப் பார்த்தாலே தெரியவில்லையா?" "சொந்தத்திலே ஒரு பையனை எடுத்து வளர்க்கக் கூடாதோ?" "சொத்தெல்லாம் யாருக்கோ போகப் போகிறது." தாய்க்குத் தனியாக ஒரு பட்டம் முன்பே கொடுத்திருந்தார்கள்: மலடி. அந்தப் பட்டத்தை இப்போதும் திரும்பப் பெறவில்லை. இவற்றுக்கெல்லாம் மேலே, குரலைத் தாழ்த்திக்கொண்டு, காதோடு காதாகக் கேட்கப்படும் அந்தக் கேள்வி: "குழந்தை... என்ன சாதி?"

தருமபுரி மாவட்டத்திலே இந்தக் கேள்வியின் கூர்மையை நான் விளக்க வேண்டியதில்லை. 2012 நவம்பரிலே, இரண்டு இளம் உள்ளங்கள் சாதி கடந்து மணந்துகொண்டதற்காக நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று குடியிருப்புகள் கொளுத்தப்பட்ட மாவட்டம் இது. வளர்ந்த இருவர் தாமாக விரும்பிச் சேர்ந்ததையே பொறுக்காத தெரு, இன்ன சாதி என்று எவராலும் சொல்ல முடியாத ஒரு சிசுவைத் தன் நடுவிலே பொறுத்துக்கொள்ளுமா?

ஆகவேதான் சொல்கிறேன்: தத்தெடுத்த தாய்க்குப் பயிற்சி தேவை, அவள் வாழும் தெருவுக்கு அதைவிடப் பெரிய பயிற்சி தேவை. அந்தப் பயிற்சியை அரசால் கொடுக்க முடியாது. அரசுக்குத் தெருவிலே வீடில்லை. நமக்கு இருக்கிறது.

சாதியைப் பற்றி அரசு ஒன்று செய்திருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலே, பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பேணுவார் எவருமின்றி, அரசினுடைய அல்லது அரசு ஏற்ற இல்லங்களிலும் பள்ளிகளிலும் சேர்க்கப்பட்ட பிள்ளைகளுக்கும் ஓர் இடம் உண்டு. சாதிகளின் பட்டியலுக்குள்ளே சாதியற்ற ஒரு வரி! அந்த வரி இருப்பதையே அறியாமல், சான்றிதழுக்காக அலையும் வளர்ப்போர் எத்தனை பேர்! தலைப்பெழுத்துச் சிக்கலும் இத்தகையதே. திருச்சியிலே மணியம்மையார் பேணி வளர்த்த நாகம்மையார் இல்லத்துப் பிள்ளைகள் 'ஈ.வெ.ரா.ம.' என்று தலைப்பெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அப்பன் பெயர் என்ன என்று மடக்க நினைத்த பள்ளிக்கூடங்களுக்கு அந்த நான்கு எழுத்து போதுமான விடையாக இருந்திருக்கும்.

வளர்ப்பது பெறுவதற்குத் தாழ்ந்தது என்னும் எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? தமிழிலக்கியத்திலே அது இல்லை. அகப்பாடல்களைப் புரட்டிப் பாருங்கள். தலைவிக்குத் தாய் இருவர்: பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. தலைவியின் உயிர்த்தோழி யார்? செவிலியின் மகள். செவிலி பேசுவதற்கென்றே துறைகள் வகுத்துக் கொடுத்தது தமிழ் இலக்கணம். தலைவனோடு தலைவி ஊரைவிட்டுப் போய்விட்ட பிறகு, பாலை வெயிலிலே, எதிர்ப்படுவோரையெல்லாம் கேட்டுக்கொண்டு தேடி நடக்கிறவள் செவிலி. வீட்டிலே அமர்ந்து வருந்தும் நற்றாயை எந்தப் புலவரும் பெரியவள் என்றோ, கால் கொப்பளிக்க நடக்கும் செவிலியைச் சிறியவள் என்றோ பிரித்துப் பார்க்கவில்லை.

அரண்மனைக் கதை வேண்டுமா? தஞ்சை சரசுவதி மகாலின் பெயரோடு சேர்த்து நாம் போற்றும் இரண்டாம் சரபோசி, துளசா மன்னர் தத்தெடுத்த பிள்ளை. 1787இல் மன்னர் மறைந்ததும், தத்து செல்லாது என்று சொல்லி அரியணையை வேறொருவருக்குக் கொடுத்தார்கள். சுவார்ட்சு பாதிரியார் அந்தச் சிறுவனுக்குக் காப்பாளராக நின்றார், கல்வி கொடுக்க ஏற்பாடு செய்தார், அவனுக்காக வாதாடினார். 1798இல் அரியணை கிடைத்தது. ஒரு தத்துப் பிள்ளைக்கு, தத்தெடுத்தவர் மறைந்த பிறகும் பக்கத்திலே நிற்க ஒருவர் இருந்தார் என்பதற்காக இதைச் சொல்கிறேன். அரசகுமாரனுக்கே ஒருவர் தேவைப்பட்டார்!

இப்போது அந்த ஓசூர்ச் சாலைக்கு வருகிறேன்.

வளர்ப்புக் குடும்பம் என்றவுடன் நாம் வேறெங்கோ, வசதியான வீடுகளிலே தேடுகிறோம். உங்கள் தெருவிலேயே இருக்கிறது, பாருங்கள். மானாவாரி நிலமும் வற்றிய கிணறும் உள்ள ஊர்களிலிருந்து, பிழைப்புக்காகப் பெங்களூருக்கும் ஓசூருக்கும் திருப்பூருக்கும் போய்விட்டவர்களின் பிள்ளைகள் யாரிடம் இருக்கிறார்கள்? பாட்டியிடம். தாய் தந்தையரை இழந்த பிள்ளைகளை அத்தை வைத்திருக்கிறாள், பெரியம்மா வைத்திருக்கிறாள், தாய்மாமன் வைத்திருக்கிறான். களி கிண்டி ஊட்டிப் பேரனை வளர்க்கும் அந்தக் கிழவிக்குத் தான் ஒரு வளர்ப்புத்தாய் என்று தெரியாது. தனக்கு உரிமைகள் உண்டு என்பதும் தெரியாது.

என்னென்ன உரிமைகள்? கொரோனாக் கொள்ளைநோயிலே பெற்றோரை இழந்து உறவினர் வீட்டிலே வளரும் பிள்ளைகளுக்கு, பதினெட்டு வயது வரை மாதம் 3,000 ரூபாய் என்று 2021 மே மாதத்திலே தமிழக அரசு அறிவித்தது. 2025 செப்டம்பரிலே தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்திலே, பெற்றோரை இழந்தும், அதற்கு நிகரான நிலையிலும் வளரும் பிள்ளைகளுக்கு மாதம் 2,000 ரூபாய். ஒன்றிய அரசின் வாத்சல்யா திட்டத்திலே வளர்ப்புப் பராமரிப்புக்கு மாதம் 4,000 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு, தனித்தனி விண்ணப்பம். வறுமைக் கணக்கு, இறப்புச் சான்று, வங்கிக் கணக்கு, ஆதார், பள்ளிச் சான்று. கிழவி எங்கே போவாள்? மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு எந்தக் கட்டடத்திலே இருக்கிறது என்று நம் கிளைச் செயலாளருக்கே தெரியாதபோது, அவளுக்கு எப்படித் தெரியும்?

இல்லங்களிலே வளரும் பிள்ளைகள் இன்னொரு வகை. ஔவையின் பெயரிலேயே சென்னையில் முத்துலட்சுமி அம்மையார் இல்லம் கண்டு தொண்ணூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. அத்தகைய இல்லங்கள் காத்த உயிர்கள் பல. எனினும் இல்லம் இல்லமே, வீடு வீடே. ஆறு வயது கடந்துவிட்ட பிள்ளையைத் தத்தெடுக்க வருவோர் அரியர். அவர்களுக்காகத்தான் வளர்ப்புப் பராமரிப்பு என்னும் ஏற்பாட்டைச் சட்டம் வைத்திருக்கிறது. 2024ஆம் ஆண்டின் திருத்திய வழிகாட்டு நெறிகள், மணமாகாதவரும் துணையை இழந்தவரும்கூட, 35 முதல் 60 வயதுக்குள் இருந்தால் இப்பிள்ளைகளை வளர்க்கலாம் என்கின்றன; ஈராண்டு வளர்த்த பிறகு தத்தெடுக்கவும் வழி செய்கின்றன. நல்ல ஏற்பாடு. ஆனால் பத்து வயதுப் பிள்ளை வெறுங்கையோடு வருவதில்லை. பத்து ஆண்டு நினைவோடு வருகிறான். எடுத்துக்கொண்டவர்கள் தாங்க மாட்டாமல் திருப்பிக் கொண்டுபோய் விடுவதும் நடக்கிறது. அப்படித் திருப்பப்படுவோரிலே பெரும்பாலோர் வயது கூடிய பிள்ளைகளே. இரண்டாம் முறை விடப்பட்ட குழந்தையின் முகத்தை நினைத்துப் பாருங்கள். பகவன்கூட ஒருமுறைதான் விட்டுச் சென்றான்!

இதற்கு வெளிநாட்டார் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் வாசிங்டன் மாநிலத்திலே 2004இல் தொடங்கியது. மாக்கிங்பேர்டு முறை என்று அந்தப் பறவையின் பெயராலேயே அழைக்கிறார்கள். பிறகு இங்கிலாந்துக்கும் பரவியது. பல ஆண்டு அனுபவமுள்ள ஒரு வளர்ப்பு வீட்டை நடுவிலே வைக்கிறார்கள். அதைச் சுற்றி ஆறு முதல் பத்து வளர்ப்புக் குடும்பங்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் அங்கே கூடுகிறார்கள். ஒரு தாய்க்கு உடல் நலமில்லையா, பிள்ளை இரண்டு இரவு அந்த நடு வீட்டிலே தங்குகிறான். ஒருவன் பேசாமல் முரண்டு பிடிக்கிறானா, அதை முன்பே கண்டவர் ஒருவர் அங்கே இருக்கிறார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வருத்தமும் வந்தது. அத்தையும் சித்தியும் பாட்டியும் அடுத்த வீட்டு அக்காளும் சேர்ந்ததுதானே இது! நம்மிடம் இருந்ததை அவர்கள் திட்டம் போட்டுக் கட்டுகிறார்கள். நாமோ, இருக்கிற சுற்றத்தைச் சாதி பார்த்துக் கதவடைத்துவிட்டு, தத்தெடுத்தவளைத் தனியே நிறுத்திவிட்டோம்.

நம்மிடம் படிப்பகங்கள் இருக்கின்றன. காலையிலே நாளேடு படிக்கவும் மாலையிலே கேரம் ஆடவும் பயன்படுகின்றன. குறை சொல்லவில்லை, அதுவும் வேண்டியதே. மாதத்திலே ஒரு ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி நேரம், அந்த இடத்தை வளர்ப்போருக்கு விட்டுக்கொடுங்கள் என்று கேட்கிறேன். அதியமான்கோட்டையிலே தொடங்குங்கள். சாலைகள் கூடும் ஊர். சுற்றுப்பக்கத்தார் வந்துபோக எளிது. தத்தெடுத்த தாய்தந்தையர், பேரப்பிள்ளை வளர்க்கும் கிழவியர், தங்கை மகளை வளர்க்கும் மாமன்மார் எல்லோரும் வரட்டும். மாவட்டப் பாதுகாப்பு அலகின் அலுவலரை அழையுங்கள். அழைத்தால் வருவது அவர்கள் கடமை. அங்கன்வாடிப் பணியாளரும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் பள்ளி ஆசிரியரும் வரட்டும்.

என்ன கற்பது? கற்க நிறைய இருக்கிறது. புதிதாக வந்த பிள்ளை தலையணைக்கு அடியிலே சோற்றையும் முறுக்கையும் ஒளித்து வைக்கிறான். திருட்டுப் புத்தி என்று தாய் அடித்துவிடுகிறாள். அது திருட்டன்று, நாளைக்குச் சோறு உண்டு என்று அவன் இன்னும் நம்பவில்லை. நம்பிக்கை வரும்வரை, அவன் கைக்கு எட்டும் இடத்திலே ஒரு டப்பாவிலே தின்பண்டம் வைத்துவிட்டால் ஒளிப்பது மெல்ல நிற்கும். ஒருத்தி தூக்கத்திலே அலறுகிறாள். பேய் பிடித்தது என்று மந்திரிக்க அழைத்துப் போகிறார்கள். ஒருத்தி யார் வந்தாலும் மடியிலே போய் ஏறிக்கொள்கிறாள். எல்லோரிடமும் ஒட்டிக்கொள்கிறாளே என்று வீட்டார் மகிழ்கிறார்கள். தன் மடி எது என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை என்பது அதன் பொருள். அடிக்காதே என்று தாய்க்குச் சொன்னால் போதாது. அடிக்காமல் என்ன செய்வது என்று சொல்லித்தர வேண்டும். அதைக் கற்றவர் ஒருவர் பக்கத்திலே அமர்ந்து சொல்லவேண்டும்.

எல்லாவற்றிலும் அரியது, உண்மையைச் சொல்வது. நம் வீடுகளிலே மறைக்கிறார்கள். வளர்ந்த பிறகு சொல்லலாம் என்கிறார்கள். திருமணத்தின்போது சொல்லலாம் என்கிறார்கள். தெரு அதுவரை காத்திருக்குமா? பங்காளிச் சண்டையிலே, வரப்புத் தகராறிலே, எவனோ ஒருவன் அவள் முகத்திலே அதை வீசி எறிகிறான். அன்றைக்கு அவளுக்கு நொறுங்குவது பிறப்புப் பற்றிய செய்தியால் அன்று. இத்தனை ஆண்டும் அம்மா பொய் சொன்னாள் என்பதால்! பேச்சுப் புரியத் தொடங்கும் வயதிலேயே, கதையாகச் சொல்லத் தொடங்கவேண்டும். "உன்னைத் தேடி நாங்கள் எவ்வளவு நாள் காத்திருந்தோம் தெரியுமா?" என்று தொடங்கவேண்டும். பெற்றவளைப் பழித்து ஒரு சொல்லும் சொல்லக் கூடாது. வயது வந்த பிறகு தன் வேர் எது என்று அவளே தேடினால், அதற்குச் சட்டத்திலே வழி இருக்கிறது. அப்போது அது நன்றிகெட்டதனம் என்று தாய் அழக் கூடாது. இவற்றையெல்லாம் ஒரு தாய் தனியாக எப்படிக் கற்றுக்கொள்வாள்?

இது வீட்டாருக்கான பாடம். தெருவுக்கான பாடத்தைக் கலைஞர்கள் நடத்தட்டும். இதே மாவட்டத்திலே வீதி நாடகம் சிசுக்களைக் காத்தது என்று சொன்னேனே! பிழைத்து வந்தவளை ஊர் எப்படி நடத்துகிறது என்று இரண்டாம் நாடகம் எழுத நம் மாணவர் அணியிலே ஆளில்லையா? "என்ன சாதி?" என்று காதோடு கேட்கும் அந்தக் கிழவர் பாத்திரத்தை மேடையிலே பார்த்து ஊர் சிரிக்கட்டும். ஒருமுறை சிரித்த கேள்வியை மறுநாள் கேட்க நாக்குக் கூசும்.

"கட்சிக்கு இது வேலையா?" என்று கேட்கும் தோழர்கள் இருப்பார்கள். பட்டா மாறுதலுக்கு அலைந்து கொடுப்பது நம் வேலை. குடும்ப அட்டையிலே பெயர் சேர்ப்பது நம் வேலை. பிணம் விழுந்த வீட்டிலே பந்தல் போடுவது நம் வேலை. பிள்ளை வந்த வீடு மட்டும் நம் வேலை இல்லையோ? சாதி ஒழிக என்று முழங்கி வருகிறோம். சாதி என்னவென்றே தெரியாத ஒரு பிள்ளை, நம் கிளை இருக்கும் தெருவிலேயே வந்து குடியேறியிருக்கிறாள். அவளுக்குப் பக்கத்திலே நிற்காமல் முழங்குவதற்கு என்ன பொருள்?

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட முடியாது.

நல்லது செய்கிறேன் என்று தரகு வேலையிலே இறங்கிவிடாதீர்கள். "பிள்ளையில்லாதவர் ஒருவர் கேட்கிறார், வளர்க்க முடியாத பெண் ஒருத்தி பெற்று வைத்திருக்கிறாள், கைமாற்றிவிட்டால் இருவருக்கும் நன்மைதானே" என்று உள்ளம் இளகும். 2019இல் நாமக்கல் மாவட்டம் இராசிபுரத்திலே என்ன வெளிப்பட்டது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்: நிறத்துக்கும் எடைக்கும் விலை சொல்லிக் குழந்தை விற்ற பேரம் ஒலிப்பதிவாக ஊரெங்கும் பரவியது. சட்ட நடைமுறைக்குப் புறம்பாகக் குழந்தையைக் கொடுப்பதற்கும் பெறுவதற்கும் மூன்றாண்டு வரை சிறை. விற்பதற்கும் வாங்குவதற்கும் ஐந்தாண்டு வரை. வளர்க்க முடியாத தாயைக் கண்டால் குழந்தைகள் நலக் குழுவிடம் அழைத்துச் செல்லுங்கள். அல்லது 1098 என்னும் எண்ணுக்குப் பேசுங்கள். அதற்கு அப்பால் உங்கள் கை நீளக் கூடாது. ஊராட்சி மன்றத் தலைவரைத் தலைவராகக் கொண்டு ஊர்தோறும் ஒரு குழந்தைகள் பாதுகாப்புக் குழு அமையவேண்டும் என்று விதி இருக்கிறது. உங்கள் ஊரிலே அது தாளிலே இருக்கிறதா, தரையிலே இருக்கிறதா என்று கேளுங்கள். அது நம் கை நீளவேண்டிய இடம்.

மற்றொன்று, மேடை. நம் தோழர்களுக்கு மேடை என்றால் உயிர். தத்தெடுத்த தம்பதியரை ஏற்றிப் பொன்னாடை போர்த்தி, குழந்தையைத் தலைவர் கையிலே கொடுத்து, மறுநாள் ஏட்டிலே படம் போடும் ஆசை எழும். அந்தப் படம் அந்தப் பிள்ளையின் வாழ்நாள் முழுதும் அவளைத் துரத்தும். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடக் கூடாது என்று சட்டமும் சொல்கிறது. ஆகையால் அதியமான்கோட்டையிலே முதல் கூட்டம் கூடும் ஞாயிறன்று, ஒலிபெருக்கி வேண்டா, சுவரொட்டி வேண்டா. கிளைச் செயலாளர் தேநீருக்குச் சொல்லி வைக்கட்டும். விண்ணப்பத் தாள்களை வாங்கி அடுக்கி வைக்கட்டும். மகளிர் அணியிலே பொறுமையுள்ள இரண்டு பேர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும். புகைப்படக்காரர் வந்தால், அடுத்த வாரம் பொதுக்கூட்டத்திற்கு வரச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.